கடைமடைச் சிலிண்டர்

இயந்திரத்தை ஓட வைப்பதைவிட, டிக்கெட் வாங்கி வந்தவரை அதன்முன் நிற்க வைப்பது கடினம். என்னைப்போல் விளக்கம் சொல்லியே பிழைக்கும் வழிகாட்டிகளான உங்களுக்கு இது தெரியும். ஊர் ஊராகப் போகும் எங்கள் பொருட்காட்சியில், நூறு வருஷத்துக்கு முந்தைய பயணிக் கப்பலின் மாதிரி ஒன்று உண்டு. அதன் இன்ஜினை நான்தான் லேத்தில் கடைந்தேன். ஆவிக்குப் பதில் கம்ப்ரசர் காற்றில் ஓடும்.

பாய்லர்

திருக்காட்டுப்பள்ளியில் ஒருவர் பாய்லரைத் தட்டிப் பார்த்தார். இதுபோல வரிசையாக வைத்திருப்பார்கள், இரவும் பகலும் கரி அள்ளிப் போடுவார்கள், அந்த ஆவிதான் கப்பலை நகர்த்தும் என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எல்லாம் சரி தம்பி. ஒரு தடவைக்கு எத்தனை மூட்டை நெல் அவிக்கும்?"

நாலாவது புகைபோக்கி

பாபநாசத்தில் கூட்டமெல்லாம் ராட்டினத்துக்குப் போனது. முதலாளி வந்து நின்றார். "பேராவூரணி வரைக்கும் பாப்போம். அங்கயும் ஈ ஓட்டுனா, மிஷினைக் கழட்டிட்டு பேய் வீடு போட்டுருவேன்."

அவர் காதில் விழட்டும் என்று எதிரே நின்ற கணவன் மனைவியிடம் உரக்க விளக்கினேன். மூன்று குழாயில் புகை வரும். நாலாவது காற்றோட்டத்துக்கு; முக்கியமாக, பார்வைக்கு. அந்த அம்மா கணவர் பக்கம் திரும்பினார். "உங்களை மாதிரியே ஒண்ணு நின்னுக்கிட்டிருக்கு பாருங்க."

மூன்று சிலிண்டர்

பேராவூரணி, வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைப் பகுதி. அங்கே நின்று "உயர் அழுத்தம், இடை அழுத்தம், தாழ் அழுத்தம்" என்று பாடப் புத்தகம்போல் சொல்லிக்கொண்டிருந்தேன். தேங்காய் வியாபாரம் செய்யும் ஒரு அக்கா மறித்தார்.

"மூணுக்கும் ஒரே ஆவிதானா?"

"ஆமாக்கா. சின்னதுல வேலை முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போகும். அப்புறம் கடைசிக்கு."

"அப்ப தலைமடை, நடுமடை, கடைமடைன்னு சொல்லித் தொலையேன்!"

மறுநாள் மைக்கில் அப்படியே சொன்னேன். ராட்டின வரிசையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். "நம்ம சிலிண்டர் எதுங்க?" காட்டினேன். மூன்றில் அதுதான் பெரியது. அங்கே வரும்போது ஆவி இளைத்திருக்கும், அதனால் அதற்கு இடத்தை அகலமாக வைத்தார்கள் என்றேன். பின்னாலிருந்து ஒரு குரல்: "கப்பல் கட்டுன ஆளை வாய்க்கால் வெட்டக் கூட்டியாங்கய்யா!"

பேய் வீடு

சிரிப்புச் சத்தம் கேட்டு முதலாளி வந்தார். ஓடும் இன்ஜினைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்த்தார். "பேய்க்கு வேற இடம் பாக்கணும் போலிருக்கே தம்பி."

என் இன்ஜின் பிழைத்துவிட்டது. ஆற்றில் எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்றும் இப்போது என்னிடம்தான் கேட்கிறார்கள்.