மாத்திரை தின்கிற டிரைவர்

பிள்ளைகளே, சிலமலையிலிருந்து போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் பறிக்கப் போகிறவர்களை ஜீப்பில் ஏற்றிப் போகிறவன் நான். எனக்கு மனச்சோர்வு நோய் உண்டு. அதற்கான மாத்திரையை யாருக்கும் தெரியாமல்தான் தின்பேன்.

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், வேலை முடிந்து ஊர் திரும்பும்போது, "எல்லாரும் ஏறியாச்சு, வெரசா எடுங்கண்ணே" என்றார்கள். நானும் எண்ணிப் பார்க்காமல் கிளப்பிவிட்டேன். முதல் வளைவில்தான் உறைத்தது. மூன்று நாளாகப் பேசாமல், சோற்றை அளைந்துகொண்டே இருந்த பாண்டியம்மாளைக் காணோம்.

"அது முன் ஜீப்புல போயிருக்கும்" என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்த மாதிரி மௌனத்தில் நானே கிடந்திருக்கிறேன். ஜீப்பைத் திருப்பினேன். காலெல்லாம் அட்டை கடிக்க, ஏலச்செடிகளுக்குள் நனைந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரிக்கவே தோணலண்ணே."

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு ஆத்தா. மாத்திரை திங்கிறேன். வா, நாளைக்கு எனக்கு வைத்தியம் பாக்குற டாக்டரம்மாவப் பாப்போம்."

என் பின்னாலேயே வந்து இதைக் கேட்ட ஒருத்தி, ஜீப்பில் ஏறியதும், "ரெண்டு லூசும் சேந்துருச்சு" என்று சிரித்தாள்.

"ஆமாத்தா, இந்த லூசுக்குத்தான் ஆள் கொறையிறது தெரிஞ்சுச்சு. தெளிவா இருக்குற ஒங்களுக்குத் தெரியலயே!" என்றேன்.

நோய் நல்லதென்று சொல்ல மாட்டேன், பொல்லாததுதான். ஆனால் வாடின முகத்தை அடையாளம் காண்கிற கண்ணை எனக்குக் கொடுத்தது அதுதான். இப்போது எல்லார் முன்னாலும் மாத்திரையை விழுங்குகிறேன். ஒவ்வொரு முகமாகப் பார்த்த பிறகுதான் வண்டியைக் கிளப்புகிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.