என் மகள் தமிழில் கதைத்த மாநாடு

2001ஆம் ஆண்டு, வவுனியாவில் நடந்தது இது. முல்லைத்தீவுக் கடற்கரையை விட்டு வந்து நாங்கள் அங்கே ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். கடலுக்குப் போய்வந்த என் கணவர் அரிசி ஆலையில் வேலை செய்தார். நான் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்தேன். மூத்த மகள் கணினிப் படிப்பில் இருந்தாள்.

அவள் படிக்கும் இடத்தில் மாணவர்களுக்கு ஓர் ஆய்வு மாநாடு நடக்கப்போவதாக ஒருநாள் வந்து சொன்னாள். கணினிக்குள் ஓர் இடத்தை உண்டாக்கி, நாமே அதற்குள் நடந்து திரிவது போலக் காட்டலாமாம். அதைப் பற்றித்தான் மாநாடு, தானும் மேடையேறிப் பேசவேண்டுமாம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கொழும்பிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், கலந்துகொள்ளக் கட்டணம் உண்டு என்பது மட்டும் விளங்கியது. கட்ட வசதியில்லாத பிள்ளைகள் மாநாட்டு வேலைகளில் கைகொடுத்தால் போதும் என்று அவளுடைய விரிவுரையாளர் சொல்லிவிட்டாராம். இவள் மத்தியானச் சாப்பாட்டைப் பொறுப்பெடுத்துக்கொண்டு வந்து நின்றாள். அவள் பொறுப்பெடுத்தால் சமைப்பது யார்? நான்தான்.

மாநாட்டன்று விடியவே அடுப்பை மூட்டிவிட்டோம். சோறு, மீன்குழம்பு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. வாழையிலையைத் துடைத்துப் பார்சல் கட்டிக்கொண்டிருந்தபோது, தலையைக் குனிந்தபடியே மகள் சொன்னாள்.

"நான் கதைக்கேல்லை அம்மா. சாப்பாட்டைக் குடுத்திட்டு வந்திடுவம்."

இவ்வளவு நாளும் படிச்சது பிறகு எதுக்கு என்று கேட்டேன். எல்லாவற்றையும் இங்கிலீசில் சொல்ல வேண்டும், பாடமாக்கியது எல்லாம் மறந்துபோகுது என்றாள். அந்த இங்கிலீசு எனக்கும் தெரியாதே. "கடைசி நேரத்திலை பாப்பம், இப்ப பார்சலைக் கட்டு" என்று மட்டும் சொன்னேன்.

ஓட்டோவில் பார்சல்களை ஏற்றிக்கொண்டு போனோம். இறக்கி வைத்துவிட்டு, மண்டபத்தின் கடைசிக் கதிரையில் போய் உட்கார்ந்தேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து இங்கிலீசில் பேசினார்கள். பிறகு என் மகளைக் கூப்பிட்டார்கள். ஒரு நிமிசம் அவள் எழும்பவில்லை. பிறகு எழும்பிப் போனாள்.

இரண்டு மூன்று வசனம் சொன்னாள். அதற்குப் பிறகு சத்தம் வரவில்லை. மண்டபமே அவளைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எழும்பிப் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாமா என்று நினைத்தேன்.

அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் கொழும்பிலிருந்து வந்த ஒரு சிங்களப் பெண்மணி. அவா தன் கதிரையை விட்டு எழும்பி வந்து, மகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, தனக்குத் தெரிந்த தமிழில் மெல்லமாகச் சொன்னா.

"மகள், தமிழ்ல சொல்லுங்க. நாங்க கேக்க வந்தது."

விரிவுரையாளரைப் பார்த்து இங்கிலீசில் ஏதோ கேட்டா. அவர் தலையாட்டிக்கொண்டு மேடைக்கு வந்தார். மகள் தமிழில் சொல்ல, அவர் அதை இங்கிலீசில் சொல்வது என்று ஏற்பாடு.

அப்போதுதான் என் பிள்ளை என்ன படிக்கிறாள் என்பதை முதல் தடவையாகக் காதால் கேட்டேன்.

"நாங்கள் வவுனியாவுக்கு வந்த புதுசிலை அப்பாவை ஆஸ்பத்திரியிலை வைச்சிருந்தது" என்று தொடங்கினாள். "அம்மாவும் நானும் சாப்பாடு கொண்டு போனனாங்கள். எல்லா விறாந்தையும் ஒரே மாதிரி இருந்தது. வார்டைக் கண்டுபிடிக்கேலாமல், பாக்கிற நேரமும் முடிஞ்சுது. அம்மா படியிலை இருந்து அழுதவா. அண்டைக்கு நினைச்சனான், வரமுதலே ஒருக்கா நடந்து பாத்திருந்தால் அம்மா வழி பிழைச்சிருக்கமாட்டா எண்டு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை நான் என்றைக்கோ மறந்துவிட்டேன். என் கணவரும் சுகமாகி வீட்டுக்கு வந்து எத்தனை வருசம். அப்போது சின்னப்பிள்ளை, அவளுக்கும் மறந்திருக்கும் என்றுதான் இருந்தேன். புதிதாக வருகிறவர்கள் முதலே நடந்து பழகட்டும் என்று, ஓர் ஆஸ்பத்திரியின் வாசலையும் விறாந்தைகளையும் அவள் கணினிக்குள் கட்டி வைத்திருந்தாள். பிறகு வந்த கேள்விகளுக்குத் தடுமாறாமல் பதில் சொன்னாள். சிலதை இங்கிலீசிலேயே சொன்னாள்.

சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பெண்மணி என்னைத் தேடி வந்தா. தாங்கள் கொண்டுவந்திருந்த, கண்ணை மூடும் கண்ணாடி போன்ற ஒரு பெட்டியை என் தலையில் மாட்டச் சொன்னா. மாட்டியதும் முன்னால் மகள் கட்டிய ஆஸ்பத்திரியின் நீண்ட விறாந்தை தெரிந்தது. சுவரைப் பிடிக்கக் கையை நீட்டினேன், சுவர் இல்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மகள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "இனி வலப்பக்கம் பாருங்கோ அம்மா" என்றாள். திரும்பிப் பார்த்தேன். வார்டு வாசல் இருந்தது.

அன்று ஒரு பார்சல்கூட மிஞ்சவில்லை. அந்தப் பெண்மணி மீன்குழம்பு இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டா.

அதற்குப் பிறகு மகள் எத்தனையோ மண்டபங்களில் இங்கிலீசில் பேசிவிட்டாள். எனக்கு இன்றைக்கும் அது விளங்குவதில்லை. ஆனாலும், யாரோ ஒருவர் எழும்பி வந்து தமிழில் சொல்லச் சொன்ன அந்த ஒரு நாளால், அவள் எதற்காகப் பேசுகிறாள் என்று தெரிந்த நிம்மதியோடு கடைசிக் கதிரையில் இருந்து அவளைப் பார்க்க என்னால் முடிகிறது.