கிளைசீன் அம்மா

எழுபதுகளில், சின்ன காஞ்சிபுரத்தில் இருந்த எங்கள் சாயப்பட்டறைக்கு ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வருவார். சாப்பாட்டிலுள்ள அமினோ அமிலங்களை உடம்பு எப்படிக் கையாள்கிறது, அதில் பிசகினால் ஞாபகம் போகுமா என்று ஆராய்ந்தவர். கடைசியில் அந்த மறதி அவருக்கே வந்துவிட்டது.

சோப்பு நீரில் வேகவைத்துப் பசை எடுத்து, அலசிப் போட்ட பட்டு நூலைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு, "கிளைசீன், அலனைன், செரின்" என்று தாலாட்டுவதுபோல் முணுமுணுப்பார். பட்டும் அந்த அமிலங்களால் ஆனதுதானாம்.

ஒருநாள் என் மனைவி, "சார், அம்மா பேரு இன்னா?" என்று கேட்டுவிட்டாள். நூல் வேகும் கொப்பரையின் ஆவிக்கு ஊடே அவர் தன் மனைவியை வெகுநேரம் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்து, "கிளைசீன்" என்றார்.

"பொட்டெல்லாம் வெச்சிக்கினு இருக்கீங்க, நீங்க கிறிஸ்தவங்களாம்மா?" என்றாள் என் மனைவி.

அந்த அம்மாள் திருத்தவில்லை. சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எல்லா அமினோ அமிலத்துலயும் அதுதாம்மா சின்னது. நாக்குல வெச்சா தித்திக்கும்னு கல்யாணமான புதுசுல சொன்னார்."

அதன்பின் நாங்கள் "கிளைசீன்மா" என்று கூப்பிடும்போதெல்லாம் பேராசிரியரும் நிமிர்ந்து, ஆவிக்குள் மனைவியைத் தேடுவார். அந்த அம்மாளின் சொந்தப் பெயரை நான் கடைசிவரை கேட்கவில்லை.