பன்னிரண்டு மயில்கள்

பசை தடவிய காகிதப் பட்டையைச் சென்னியம்மாளின் விரல்கள் தகர டப்பாவின் உட்புறம் ஒட்டி, மடிப்பு விழாமல் நீவின. பட்டையில் பன்னிரண்டு மயில்கள்; ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிறுமி, பக்கத்தில் சிறகு முளைத்த இன்னொரு சிறுமி. டப்பாவின் மேல்பாதியில் பன்னிரண்டு கீறல்கள். ஆணி முனையில் நிறுத்திச் சுழற்றிக் கீறல் வழியே பார்த்தால் உள்ளே இருப்பவர்கள் பறக்க வேண்டும்.

பறக்கவில்லை. மறுபடி சுழற்றினாள். மயில் நின்ற இடத்திலேயே நின்றது.

சங்ககிரியில் துண்டு நெய்யும் வீட்டில் பிறந்தவள் அவள். ரயில்வே குடியிருப்புக்கு அப்பாவோடு துண்டு கொடுக்கப் போன ஏழு வயதில், ரயில் கார்டு துரையின் மகள் ஐரிஸ் சிநேகிதியானாள். ஐரிஸிடம் இப்படியொரு டப்பா இருந்தது. அதில் குதிரை ஓடும். அதைப் பார்த்து இருவரும் ஒரு கதை கட்டினார்கள். நிலாவைத் திருடிய பூதத்தைத் துரத்திக் காவிரிக்கு மேலே பறக்கும் கதை. சிறகா வாகனமா என்று தினமும் அதில் சண்டைதான்.

"சாமிக்கே ரெக்கை இல்ல புள்ள, வாகனந்தான். எனக்கு மயிலு."

"மயில் தூங்கிட்டா நீ தொபுக்கடீர்!" என்பாள் ஐரிஸ்.

இப்போது இருவருக்கும் முப்பது வயது. ஐரிஸின் கணவருக்கு வங்காளத்துக் கரக்பூருக்கு மாற்றல். நாளை மாலை வண்டி. இனிப் பார்ப்பது அரிது. அந்தக் கதையைப் பறக்கவைத்துக் கையில் கொடுக்காமல் அவளை அனுப்பச் சென்னியம்மாளுக்கு மனமில்லை.

தறியிலிருந்து கணவன் குமாரசாமி எட்டிப் பார்த்தான். "மயிலு தவத்துல உக்காந்துருச்சாட்டக்குது?"

"பன்னெண்டும் ஒரே அச்சுங்க. ஒண்ணுகூடப் பிசகல."

"துண்டுக் கரையில பூப் போட்டா அப்படித்தான இருக்கோணும்?"

சென்னியம்மாளின் கை நின்றது. கரையில் பூக்கள் ஒன்றுபோல் விழுவதுதான் இத்தனை வருஷமும் அவள் பெருமை. ஐரிஸின் குதிரைக்கோ எந்த இரண்டு படங்களிலும் கால் ஒரே இடத்தில் இருந்ததில்லை.

பட்டையைக் கிழித்தெறிந்தாள். புதுக் காகிதத்தில் கட்டம் போட்டு, சிறகை ஏழாவது படம்வரை ஒவ்வொரு கட்டமாக உயர்த்தி, எட்டிலிருந்து இறக்கினாள். மயிலுக்கும் அப்படியே. வேண்டுமென்றே பிசகக் கை கூசியது. மறுநாள் உச்சிவேளையில் வேலை முடிந்தது.

குமாரசாமி கீறலில் கண் வைத்தான். "அட, ரெண்டும் பறக்குது! பூதத்த எங்க காணோம்?"

"அது முன்னால ஓடுதுங்க."

மாலையில் வண்டி வந்து நின்றது. ஐரிஸ் படியேறிவிட்டுத் திரும்பினாள். சென்னியம்மாள் முந்தானையில் சுற்றியிருந்த டப்பாவை எடுத்து அவள் இரு கைகளிலும் வைத்தாள்.

"அடியில ஆணி இருக்குது, பாத்துப் புடி."