தொழிற்சாலைப் பேருந்தில் நான் அடித்த ஜோக்

மலேசியாவின் கெலாங் பாத்தாவில் விடியுமுன் புறப்படும் எங்கள் தொழிற்சாலைப் பேருந்து, சிங்கப்பூருக்குப் போகும் பாலத்தைத் தொட்டதும், கூட வேலை செய்யும் அக்காவின் தலை ஜன்னல் கண்ணாடியில் சாயும். அந்தக் காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. மின்பலகைகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பழுதானதைப் பிரித்தெடுப்பது அவர் வேலை. வீட்டில் மாமியார் படுத்த படுக்கை. இரவில் தூக்கம் கிடையாது. இரண்டு குடிநுழைவுச் சாவடிகளிலும் கடப்பிதழோடு எல்லாரும் இறங்கி ஏற வேண்டும். அதுபோக மிஞ்சும் அரைமணி நேரம்தான் அவருடைய இரவு.

அந்த நேரம் பார்த்துத்தான், என் பக்கத்து இருக்கைக்குப் புதிதாக வந்த தம்பி கைப்பேசியில் காமெடிக் காட்சிகளை முழுச் சத்தத்தில் ஓடவிடுவார். இரண்டு மாதம் பேருந்தே முணுமுணுத்தது. அவர் காதுபட யாரும் பேசவில்லை. ஒருநாள் வேலையில் அக்கா கண்ணயர்ந்து, பழுதான பலகைகளை நல்லவற்றோடு சேர்த்துவிட்டார். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இன்னொன்று வந்தால் வேலை பெர்மிட் ரத்து.

“பக்கத்துல நீதானே உக்கார்ற? ஒரு வார்த்த சொல்லிரு லா,” என்றார் என்னிடம்.

“கவலைய விடுங்கக்கா, நான் பாத்துக்கறேன்.”

எனக்கு வீரம் நாக்கோடு சரி. மறுநாள் எழுந்து நின்று அறிவித்தேன்: “தம்பி புண்ணியத்துல தெனமும் ஓசிப் படம் ஓடுது. எடவேளைக்கு வட கொண்டாரப்போறது யாரு?”

பேருந்து குலுங்கிச் சிரித்தது. தம்பியும் சிரித்தார். பின்னால் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று பெருந்தன்மையோடு கைப்பேசியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

அக்கா எழுந்து வந்தார். “தம்பி, நான் தூங்காம போனா வேல போயிரும். சத்தத்த நிறுத்துங்க.”

உடனே நிறுத்தினார். “அலமாக், சாரிக்கா. யாருமே சொல்லலையே? இவரு பேசுனதுக்கு எல்லாரும் சிரிச்சீங்க. புடிக்குதுன்னுல்ல நெனச்சேன்!”

“ஒன்கிட்ட போய் சொன்னேன் பாரு,” என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அக்கா போய்த் தூங்கினார். இரண்டாவது கடிதம் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் என்னிடம் எந்த உதவியும் கேட்கவில்லை.

கேலியாகச் சொன்னால் அடுத்தவர் மனம் நோகாது என்று அதுவரை எனக்குள் ஒரு நியாயம் இருந்தது. யோசித்துப் பார்த்தால், அந்தத் தம்பி முறைத்தால் ‘சும்மா தமாஷுக்கு’ என்று நழுவ நான் திறந்துவைத்த கதவுதான் அது.

போன வாரம் ஒரு கிளினிக்கில், காய்ச்சல் குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்திருக்க, எதிரே ஒருவர் கைப்பேசியில் பாட்டுக் கச்சேரி நடத்திக்கொண்டிருந்தார். என் நாக்கில் மூன்று ஜோக்குகள் தயாராக இருந்தன. விழுங்கிவிட்டு, “அண்ணே, கொஞ்சம் கொறைங்க, புள்ள தூங்கட்டும்,” என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அரைமனதாகச் சத்தத்தைக் குறைத்தார்.

யாரும் சிரிக்கவில்லை.