துப்பாக்கி வகுப்பில் எட்டாவது பெயர்

என் கணவர் இறந்து ஒன்பதாவது மாதம் ஈப்போவிலிருந்து ஒரு போன் வந்தது. பேசியவர் என் பழைய கோச். கல்யாணத்துக்கு முன்னால் நான் வார இறுதிகளில் தன்னார்வப் படைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் எனக்குத் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுத்தவர். போலீஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற சீனர். எங்கள் டீ எஸ்டேட் டேவானில், அதாவது பொது மண்டபத்தில், ஏர் ரைபிள் வகுப்பு நடத்தப் போவதாகச் சொன்னார். சனி, ஞாயிறு மட்டும், ஒரு மாதத்துக்கு.

"வர்றவங்கள்ல பாதிப் பேர் தமிழர். எனக்குத் தமிழ் பேசுற ஒரு இன்ஸ்ட்ரக்டர் வேணும். சம்பளம் இல்ல, மத்தியானச் சாப்பாடு உண்டு" என்றார் மலாயில்.

சரி என்றேன். மாட்டேன் என்று சொல்வதற்கு ஒரு காரணம் தேட வேண்டும். அந்த மாதங்களில் யார் எதைக் கேட்டாலும் நான் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் கணவர் இறந்தது கம்போங் ராஜா போகிற சாலையில். ஃபேக்டரி மெஷினுக்கு பெல்ட் வாங்கிவர மோட்டார் சைக்கிளில் போனார். காலை நேரம்தான், ஆனால் பனி விலகவில்லை. எதிரே காய்கறி ஏற்றி வந்த லோரி வளைவில் பிரேக் பிடிக்காமல் இந்தப் பக்கம் வந்துவிட்டது. லோரி ஓட்டியவனுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. பிறகு கேஸ் நடந்து லைசென்ஸ் போனது. அவனைக் கோர்ட்டில் ஒரு முறை பார்த்தேன். கைத்தடி ஊன்றி நின்றான். பக்கத்தில் அவன் மனைவி ஒரு நீல ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

நான் அழவில்லை. கருமாதி வரைக்கும் எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், இப்போது அழுவாள் என்று. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்குமே, எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பக்கத்து வீட்டில் இருந்த என் நாத்தனார், அதாவது அவருடைய அக்கா, எனக்கும் சேர்த்து அழுதார். நான் ஃபேக்டரிக்குப் போனேன், தூள் பிரிக்கும் மெஷின் பக்கத்தில் எட்டு மணி நேரம் நின்றேன், வீட்டுக்கு வந்தேன்.

முதல் சனிக்கிழமை டேவான் கதவில் போலீஸ் அனுமதிக் கடிதத்தை ஒட்டினோம். கோச் வேனிலிருந்து பூட்டிய பெட்டிகளை இறக்கினார். டேவானின் ஒரு கோடியில் இரும்புப் பெட்டிகள், அவற்றின் முகப்பில் கறுப்பு வட்டம் அச்சடித்த காகிதம். பத்து மீட்டர் தள்ளி மேசைகள், மேசை மேல் துப்பாக்கியைத் தாங்க மணல் நிரப்பிய அரிசிப் பைகள். தமிழ்க் குழு எட்டுப் பேர். நான்கு பேர் சுடும்போது நான்கு பேர் பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நான் பெயர் படித்தேன். எட்டாவது பெயரைப் படித்ததும் டேவானில் பேச்சு நின்றுபோனது. அந்தப் பெயர் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. எல்லாரும் ஏன் அமைதியானார்கள் என்று நிமிர்ந்து பார்த்தேன். கடைசி நாற்காலியில் கை தூக்கியவள் அந்த நீல ஃபைல்காரி.

நான் பேருக்கு நேராக ஒரு கோடு போட்டேன். பிறகு பாதுகாப்புப் பாடத்தை ஆரம்பித்தேன். குழல் எப்போதும் இலக்கைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். சுடுகிற நிமிஷம் வரை விரல் விசைக்கு வெளியே. நிறுத்து என்றால் அப்படியே கீழே வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். என் குரல் ஒழுங்காகத்தான் வந்தது.

மத்தியானம் கோச் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். "அவளை என் குழுவுக்கு மாத்திக்கிறேன்" என்றார்.

"அவளுக்கு மலாய் சரியா வராது கோச். இங்கேயே இருக்கட்டும்."

"உனக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல."

அது உண்மைதான். எனக்கு ஒன்றுமே இல்லை.

மறுநாள் அவள் சுட்டதெல்லாம் காகிதத்தின் ஓரத்தில் போய் விழுந்தது. மற்றவர்கள் வட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். மூச்சு, தோள், கன்னம் வைக்கிற இடம் எல்லாவற்றையும் பார்த்தேன். குறை ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் கண் சோதனை செய்யலாம் என்று எழுந்து வரச் சொன்னேன்.

அந்தச் சோதனை சுலபம். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களைச் சேர்த்து நடுவில் சின்ன ஓட்டை மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு கண்ணையும் திறந்தபடி அந்த ஓட்டை வழியாக எதிரே நிற்கிறவரின் மூக்கைப் பார்க்க வேண்டும். எதிரே நிற்கிறவருக்கு ஓட்டையில் எந்தக் கண் தெரிகிறதோ அதுதான் அவருடைய பலமான கண்.

நான் நாலடி தள்ளி நின்றேன். அவள் கைகளை நீட்டினாள்.

"என் மூக்கைப் பாரும்மா."

பார்த்தாள். ஓட்டையில் ஒரு கண் மட்டும் தெரிந்தது. இமை ஓரத்தில் தூக்கமில்லாத சிவப்பு. இடது கண்.

"உனக்கு இடது கண். நீ வலது பக்கம் வச்சு சுடுறே. தோளை மாத்து, சரியாப் போகும்."

அவள் கைகளை இறக்கவில்லை. அந்த ஓட்டைக்குப் பின்னாலிருந்தே கேட்டாள். "அக்கா, நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியும்."

"நீங்கதான் சொல்லிக்குடுக்கிறீங்கன்னு தெரிஞ்சிருந்தா வந்திருக்க மாட்டேன். பேர் குடுத்துட்டேன். பேங்குல வாசல்ல காவல் நிக்கிற ஜாகா வேலைக்கு ஆள் எடுக்கிறாங்களாம். துப்பாக்கி தெரிஞ்சவங்களுக்கு முதல்ல குடுப்பாங்கன்னு சொன்னாங்க. அவரால இப்ப வேலைக்குப் போக முடியல."

"கையை இறக்கு. இடது தோள்ல வச்சுப் பார்."

அதற்கப்புறம் சுட்ட ஐந்தில் மூன்று வட்டத்துக்குள் விழுந்தது. நான் காகிதத்தில் தேதி போட்டு அவளிடம் கொடுத்தேன்.

செய்தி எஸ்டேட்டில் எனக்கு முன்னால் வீட்டுக்குப் போயிருந்தது. நாத்தனார் வாசலில் நின்றிருந்தார்.

"அவளுக்கா நீ துப்பாக்கி பிடிக்கச் சொல்லிக்குடுக்கிறே?"

"எட்டுப் பேர்ல அவளும் ஒருத்தி."

"என் தம்பிய லோரிய விட்டு ஏத்துனவன் பொண்டாட்டி. உனக்கு ரத்தம் ஓடுதா இல்லியா?"

அதையேதான் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றிலிருந்து குழம்பு கொடுத்தனுப்புவது நின்றது. எனக்கு எந்தக் குழம்பும் ஒரே மாதிரிதான் இருந்தது, அதனால் அதுகூட உறைக்கவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை நடந்ததைத்தான் நான் அதிகம் நினைத்துப் பார்க்கிறேன். நால்வரும் குண்டு போட்டுத் தயாராக இருந்தார்கள். மெத்தைக் கடை வேன் ஒன்று டேவான் பின்பக்கம், இலக்குகளுக்கு நேர் பின்னால், வந்து நிற்கவே, கோச் "நிறுத்து" என்றார். மூன்று பேர் கீழே வைத்தார்கள். அதே நேரம் அவள் சட்டைப் பையில் போன் அடித்தது. அவள் துப்பாக்கியோடு எழுந்து என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, அவர் கூப்பிடறார். என்னமோ ஏதோ..."

குழல் என் வயிற்றுக்கு நேராக இருந்தது. ஒரு கை தூரம். நான் அதைப் பிடித்து இலக்குப் பக்கம் தள்ளினேன், வாங்கினேன், திறந்து பார்த்தேன். குண்டு உள்ளே இருந்தது. ஏர் ரைபிள்தான், ஆனாலும் அந்தத் தூரத்தில் சதைக்குள் போகும்.

விதி எல்லாருக்கும் முதல் நாளே சொன்னது. குழலை ஆள் மேல் திருப்பினால் வகுப்பில் இடமில்லை. கோச் என்னைப் பார்த்தார். நான் அவளிடம், "பையை எடுத்துக்கிட்டுப் போம்மா" என்றேன். அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் பக்கத்து ஆளிடம், "இப்பத்தான் அக்கா மனசு ஆறியிருக்கும்லா" என்று மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது.

நான் கை கழுவினேன். நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டேன். பிற்பகல் வகுப்பை முடித்தேன். வீட்டுக்கு வந்து துணி மடிக்கும்போதுதான் ஒன்று புரிந்தது. என் நெஞ்சு ஒரு துடிப்புகூட அதிகமாகத் துடிக்கவில்லை. வயிற்றுக்கு நேரே குண்டு போட்ட துப்பாக்கி, நான் அதை ஒரு துடைப்பம் மாதிரி ஒதுக்கிவிட்டேன். அதோடு இன்னொன்றும் புரிந்தது. நான் நின்ற இடம் தப்பு, அவள் நாற்காலிக்கு இரண்டடி பின்னால் நின்றிருக்கிறேன். இன்ஸ்ட்ரக்டர் சுடுகிறவரின் தோளுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், கை எட்டுகிற இடத்தில். அவள் எழுந்திருக்கும் முன்பே நான் தோளை அழுத்தியிருக்க முடியும். இரண்டு வாரமாகவே எனக்கு எங்கே நிற்கிறோம் என்ற கவனம் இல்லை. சாலையைக் கடக்கும்போதுகூட நான் திரும்பிப் பார்ப்பதில்லை. எங்கே நின்றால் என்ன என்று இருந்திருக்கிறேன்.

கோச்சுக்குப் போன் செய்து அப்படியே சொன்னேன்.

"பாதித் தப்பு உன்னுதுன்னா, நீயே போய்க் கூப்பிடு. முதல் பாடத்திலிருந்து திரும்ப எடு. நீ நிக்கிற இடத்தை நான் பார்த்துக்கிட்டு இருப்பேன்" என்றார்.

ஞாயிறு காலை வகுப்புக்கு முன்னால், அவள் ஊரான லெம்பா பெர்த்தாமுக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனேன். விசாரித்துத் தோட்டத்துக்குப் பின்னால் இருந்த தகர வீட்டைக் கண்டுபிடித்தேன். கதவைத் திறந்தது அவன்.

அவனுக்கு என்னைத் தெரிந்தது. கைத்தடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். கோர்ட்டில் பார்த்ததைவிட மெலிந்திருந்தான். என்னைவிட வயதில் சின்னவன்தான்.

"உங்க சம்சாரத்தப் பார்க்கணும்."

"கோஸ் வெட்டப் போயிருக்கா. உட்காருங்க, கூட்டிட்டு வர்றேன்."

"போன் பண்ணுங்க போதும்."

"இல்ல, நானே போறேன்" என்றான். என் எதிரே உட்கார அவனால் முடியவில்லை என்று தெரிந்தது. கைத்தடியைச் சேற்றில் குத்திக் குத்தி நடந்து போனான். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சேற்று வெள்ளம் வந்துபோன உயரத்தில் பழுப்புக் கறை, இடுப்பளவில். அதன் மேல் பெயின்ட் அடித்தும் மறையவில்லை. அவனைப் பார்த்தால் என்ன தோன்றும் என்று ஒன்பது மாதமாகப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒன்றும் தோன்றவில்லை. சேறு வழுக்குமே, விழுந்துவிடப் போகிறான் என்று மட்டும் நினைத்தேன்.

இருவரும் சேர்ந்து வந்தார்கள். அவள் கையில் கத்தி, காலில் முட்டி வரை பூட்ஸ்.

"நேத்து என் தப்பும் இருந்துச்சு. பத்து மணிக்கு வா. போனை வீட்டுல வச்சுட்டு வா" என்றேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "நேத்து நான் லேட்டான மாதிரி இருந்துச்சாம், அதான் கூப்பிட்டாராம். ரோட்டுல ஏதாவது ஆயிடுச்சோன்னு. நான் வெளிய போனாலே அவருக்கு இப்படித்தான்க்கா."

அவன் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நான் அன்னிக்கு..." என்று ஆரம்பித்தான்.

"வேணாம்" என்றேன். "எனக்கு இப்ப கேட்டாலும் உள்ள போகாது. கோபம்கூட வரல. வந்தா நானே வந்து சொல்றேன்."

அவன் தலையாட்டினான். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு விசித்திரமான வாக்குறுதி என்று தோன்றியது. ஆனால் ஒன்பது மாதத்தில், கோச்சைத் தவிர, நான் யாரிடமாவது உள்ளதை உள்ளபடி சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் பத்து மணிக்கு முன்பே வந்துவிட்டாள். காலியான துப்பாக்கியோடு இரண்டு மணி நேரம் எடுத்தல், வைத்தல், நிறுத்துதல். நான் அவள் இடது தோளுக்குப் பக்கத்தில் நின்றேன், கை எட்டுகிற இடத்தில். கோச் சொன்னபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற ஏழு பேரும் முதலில் எங்களைப் பார்த்தார்கள், பிறகு அவரவர் காகிதத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

கடைசி ஞாயிறு பரீட்சையில் அவள் நான்காவதாக வந்தாள். சர்டிபிகேட்டில் இன்ஸ்ட்ரக்டர் கையெழுத்து போடும் இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். பேங்க் வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. அதற்கு வேறு பயிற்சி வேண்டுமாம், ஏர் ரைபிள் கணக்கில் வராதாம். தானா ராத்தாவில் ஒரு பள்ளிக்கூடத்து கேட்டில் ஜாகா வேலை கிடைத்தது. துப்பாக்கி இல்லாத ஜாகா.

அடுத்த வகுப்புக்கு இடம் கேட்டு நான் அந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. போகும் வழியில் பெரிய வளைவில் பின்னால் ஒரு லோரி ஹார்ன் அடித்தது. என் கைகள் ஸ்டியரிங்கில் நடுங்க ஆரம்பித்தன. ஓரமாக நிறுத்தி, லோரி போய் வெகு நேரம் கழித்தும் உட்கார்ந்திருந்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டது, காதில் கேட்கிற அளவுக்கு. பல் ஊசியின் மரமரப்பு விடும்போது வலிதான் முதலில் வரும். அது நல்லதா கெட்டதா என்று அப்போது தெரியவில்லை.

கேட்டில் அவள் நீலச் சட்டை, தொப்பியோடு நின்றாள். என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"ஐசி கார்டு குடுங்கக்கா. யாரைப் பார்க்கணும்?"

"ஹெட்மாஸ்டரை. டேவான் கேட்க வந்தேன்."

புத்தகத்தில் என் பெயரை எழுதி, கார் நம்பரை எழுதி, கழுத்தில் மாட்டும் அட்டையைக் கொடுத்தாள். பிறகு சாவடிக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் கிளாசில் தண்ணீர் கொண்டுவந்தாள். நான் குடித்து முடிக்கும் வரை பக்கத்தில் நின்றாள். நான் உள்ளே போனேன். ஹெட்மாஸ்டர் இரண்டு மாதத்துக்கு டேவானைத் தருவதாகச் சொன்னார்.