வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி

பில் போடும் கம்ப்யூட்டர்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் கல்லாய்ச் சமைந்து நின்ற அந்த உச்சி வேளை எனக்கு மறக்கவே இல்லை. தி. நகரில் ஒரு பட்டுப்புடவைக் கடை. பில் மென்பொருள் எங்கள் சின்ன கம்பெனி எழுதியது. வெள்ளிக்கிழமை தவறாமல் பன்னிரண்டு மணிக்கு உறைந்துவிடும். சர்வரை மாற்றினார்கள், கேபிளை மாற்றினார்கள், ஊஹூம். தீபாவளி நெருங்கிவிட்டது. கடை முதலாளி வேறு கம்பெனியைப் பார்க்கப்போவதாகச் சொல்லிவிட்டார்.

என் டீமில் மூத்தவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். புரோகிராம் எழுதுவதில் புலி. அப்போதுதான் பிரசவ விடுப்பு முடிந்து வந்திருந்தார். மேனேஜரோ, "கைக்குழந்தையோட எதுக்கும்மா டென்ஷன்? இனிமே டெஸ்டிங் மட்டும் பாத்துக்கோ" என்று பரிவாகச் சொல்லியே அவர் வேலையைப் பிடுங்கிவிட்டார். அந்தப் பரிவை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. அக்கா சண்டை போடவில்லை. "சரி சார், கடைக்கே போய் டெஸ்ட் பண்றேன்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினார்.

அன்று வெள்ளிக்கிழமை, கடை நிறையக் கூட்டம். பில் கவுண்டரில் மட்டும் ஈ காக்கை இல்லை. "ஏம்மா, யாரும் வரலையா?" என்று கேட்டார் அக்கா.

"ராகுகாலம்க்கா. கல்யாணப் பொடவைக்கு இப்ப யாரு பில்லு போடுவாங்க? பன்னெண்டு ஆவட்டும், எல்லாம் ஓடியாரும் பாரு" என்றாள் கவுண்டர் பெண்.

அப்படியே ஓடிவந்தார்கள், கம்ப்யூட்டர்கள் எல்லாம் உறைந்து நின்றன. அக்கா சந்தோஷத்தில் என் கையைக் கிள்ளியே விட்டார். "எல்லா கவுண்டரும் ஒரே நொடில பில் நம்பர் கேக்குதுடி! ஒண்ணை ஒண்ணு மறிச்சுக்கிட்டு நிக்குது!" ராகுகாலம் பார்க்காத வீட்டிலிருந்து எங்கள் கம்பெனிக்கு யாரும் வரவில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை ராகுகாலம் பன்னிரண்டுக்குத்தான் முடிகிறது என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒவ்வொரு கவுண்டருக்கும் பில் எண்களை முன்கூட்டியே பிரித்துக் கொடுக்கும்படி அக்கா மாற்றி எழுதினார். பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்த சுகமே தனி. இன்று நானும் ஒரு டீமை நடத்துகிறேன். விடுப்பு முடிந்து வரும் பெண்களுக்கு விட்ட இடத்திலேயே வேலையைக் கொடுத்துவிடுகிறேன்.

அக்கா மாற்றி எழுதிய அடுத்த வெள்ளிக்கிழமை மேனேஜரும் கடைக்கு வந்திருந்தார். பன்னிரண்டு அடித்தது. கூட்டம் பாய்ந்தது. எல்லாக் கவுண்டரிலும் பில் சடசடவென்று கொட்டியது! எனக்கு விசிலடிக்க வேண்டும்போல் இருந்தது. மேனேஜர் வாயெல்லாம் பல்லாக, "பிரமாதம்மா! டெஸ்டிங்ல இருந்துக்கிட்டே கலக்கிட்டியே" என்றார்.

அக்கா பிரிண்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "டெஸ்டிங் முடிஞ்சிடுச்சு சார். திங்கக்கிழமைலேர்ந்து நான் புரோகிராமுக்குப் போறேன், இதுக்கு வேற ஆளப் பாருங்க."